வெற்று வேட்டு

தமிழில் "வெத்து வேட்டு" என்றொரு வசை உண்டு. வாய்ச்சவடால்காரனைக் குறிக்க இன்றும் வழங்குவது. ஓசை இருக்கும், குண்டு இருக்காது. அவனைப் பார்த்து அஞ்ச வேண்டியதில்லை என்பது அதன் உட்பொருள். இவ்வசையை உண்டாக்கியவர் எவராயினும் துப்பாக்கியைத் தொலைவிலிருந்து கேட்டவராக இருக்க வேண்டுமேயன்றி, அதன் வாய்க்கு முன்னால் நின்றவராக இருக்க முடியாது என்பது நம் எண்ணம். குண்டில்லாத துப்பாக்கியும் கொல்லும். இந்த எளிய உண்மையை மொழி மறந்ததில் பெரிய நட்டமில்லை. படப்பிடிப்புத் தளங்கள் மறப்பதில்தான் நட்டம்.

மொழியின் மறதிக்கு மறுபக்கமும் உண்டு. தலைவர்களும் கலைஞர்களும் மறைந்தால் நம் நாளிதழ்கள் "குண்டுகள் முழங்க" அடக்கம் செய்யப்பட்டதாக எழுதுகின்றன. 2023 டிசம்பரில் விஜயகாந்தின் உடல் அடக்கம் செய்யப்பட்டபோது 72 குண்டுகள் முழங்கியதாகப் படித்தோம். அவற்றுள் ஒன்றிலும் குண்டு இல்லை, எல்லாம் வெற்றுத் தோட்டா. ஆக, குண்டு இல்லாததைக் குண்டு என்கிறோம், அஞ்ச வேண்டியதை வெத்து என்கிறோம். அவருடைய 'கேப்டன் பிரபாகரன்' (1991) சந்தனக்கடத்தல் வீரப்பனை மனத்திற்கொண்டு படைக்கப்பட்ட வில்லனோடு காட்டுக்குள் அவர் மோதிய படம். அப்படத்தில் கேட்ட வேட்டோசை, தருமபுரி மாவட்டத்துக்காரர்களாகிய நமக்குத் திரையரங்கில் ஒரு பொருளையும் ஊர் திரும்பியபின் வேறொரு பொருளையும் தந்தது. அதைப் பின்னால் சொல்வோம்.

இப்போது இதைப் பேசக் காரணம் உண்டு. 'கேப்டன் மில்லர்', 'தங்கலான்' (இரண்டும் 2024) எனத் தமிழ்த் திரை மீண்டும் வெள்ளையர் காலத்துக்குள் நுழைந்திருக்கிறது. காலத்துக்குப் பொருத்தமான உடை, காலத்துக்குப் பொருத்தமான பேச்சு என்று தொடங்கும் ஆவல், காலத்துக்குப் பொருத்தமான துப்பாக்கி என்பதில் வந்து நிற்கிறது. உண்மையான பழந்துப்பாக்கியையே எடுத்து, குண்டின்றி மருந்தை மட்டும் இட்டுச் சுட்டால் என்ன என்று கேட்போர் நம் நண்பர்களிலும் உள்ளனர். கணினிப் புகை பொய்யாகத் தெரிகிறது, நடிகனின் தோள் அதிர்வதில்லை, கண் இமைப்பதில்லை என்பது அவர்கள் வாதம். அது அற்பமான வாதமன்று. ஆயினும் அதை மறுக்க வேண்டியிருக்கிறது.

முதலில் கருவியைப் பற்றிச் சில சொற்கள். பிற்காலத் துப்பாக்கிகளில் தோட்டா என்பது தனிப்பொருள். பித்தளை உறைக்குள் மருந்து, நுனியில் ஈயம். ஈயமற்ற வெற்றுத் தோட்டா, உருவத்தாலேயே வேறுபட்டது. நுனி மடித்து நசுக்கப்பட்டிருக்கும். கையில் எடுத்துப் பார்த்தால் தெரியும். பதினெட்டாம் நூற்றாண்டின் மஸ்கெட்டும், நம் மலைகளில் இன்றும் பிடிபடும் நாட்டுத் துப்பாக்கியும் அப்படியல்ல. அவை வாய்வழி மருந்து கெட்டிக்கும் வகை. கருமருந்தைக் கொட்டி, அதன்மேல் ஈயக் குண்டோ பால்ரஸோ இட்டு, காகிதமோ துணியோ நாரோ திணித்து, கம்பியால் இடித்து இறுக்க வேண்டும். இதில் "வெற்றுத் தோட்டா" என்று தனியாக ஒன்று கிடையாது. கெட்டித்தவன் குண்டை இடாமல் விட்டான் என்பது மட்டுமே வெற்று வேட்டுக்கும் உயிர் வேட்டுக்கும் உள்ள வேறுபாடு. குழலுக்குள் என்ன இருக்கிறது என்பது வெளியிலிருந்து தெரியாது. கெட்டித்தவன் நினைவை நம்ப வேண்டும், அல்லது கம்பியை உள்ளே விட்டு ஆழம் அளந்து பார்க்க வேண்டும். அந்தக் கம்பியே ஓர் அம்பு. இடித்த பதற்றத்தில் அதைக் குழலிலேயே மறந்துவிட்டு விசையை இழுத்த சிப்பாய்கள் பழம்போர்களில் உண்டு.

குண்டே இல்லை என்று வைத்துக்கொள்வோம். இறுக்கத்துக்காக இட்ட காகிதத் திணிப்பு, அருகில் குண்டாகிவிடுகிறது. அதன் பின்னால் வரும் சூடான வளியும் எரியாத மருந்துத் துகளும் முகத்தைத் துளைக்கப் போதுமானவை. 1984 அக்டோபரில் ஜான் எரிக் ஹெக்ஸம் என்னும் அமெரிக்க நடிகர், தொலைக்காட்சித் தொடர் ஒன்றின் தளத்தில், வெற்றுத் தோட்டா இட்ட கைத்துப்பாக்கியை விளையாட்டாக நெற்றிப்பொட்டில் வைத்து இழுத்தார். குண்டு இல்லை. ஆனால் அந்த அழுத்தம் மண்டையோட்டை உடைத்தது. சில நாள்களில் இறந்தார். வெத்து வேட்டு என்று அவரும் நினைத்திருக்க வேண்டும்.

பிராண்டன் லீயின் சாவு இன்னும் சிக்கலானது. 1993 மார்ச் 31 அன்று 'தி க்ரோ' படப்பிடிப்பில் அவரைச் சுட்டது வெற்றுத் தோட்டாதான். அதற்கு முன் வேறொரு காட்சிக்காக இடப்பட்ட போலித் தோட்டாவின் ஈயமுனை கழன்று குழலுக்குள் சிக்கியிருந்தது. யாரும் குழலைப் பார்க்கவில்லை. பின்னால் வந்த வெற்று மருந்து அதை உந்தித் தள்ளியது. இரண்டு வெறுமைகள் சேர்ந்து ஒரு குண்டாயின. 2021 அக்டோபர் 21 அன்று நியூ மெக்சிகோவில் 'ரஸ்ட்' என்னும் படத்தின் ஒளிப்பதிவாளர் ஹலினா ஹட்சின்ஸ் இறந்தது வேறு வகை. அங்கே வெற்றுத் தோட்டாவே இல்லை, தளத்துக்குள் இருக்கவே கூடாத உயிர்த்தோட்டா துப்பாக்கிக்குள் இருந்தது. ஆயுதப் பொறுப்பாளருக்கு 2024இல் 18 மாதச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. நடிகர் அலெக் பால்டுவின் மீதான வழக்கு அதே ஆண்டு ஜூலையில் தள்ளுபடியாயிற்று.

ஆயுதப் பொறுப்பாளர் என்றொரு பணி அங்கே இருந்தது, அதனால் ஒருவரைப் பொறுப்பாக்க முடிந்தது. தமிழ்ப் படங்களின் பெயர்ப்பட்டியலைப் பொறுமையாகப் பாருங்கள். சண்டைப் பயிற்சியாளர் இருப்பார், கலை இயக்குநர் இருப்பார், பறவைகளைக் கொண்டுவந்தவருக்கு நன்றிகூட இருக்கும். துப்பாக்கிக்குப் பொறுப்பானவர் என்று ஒரு பெயரைக் காண்பது அரிது. அந்த நிலையில் பழந்துப்பாக்கியையும் கருமருந்தையும் தளத்துக்குள் கொண்டுவருவது, நாற்பது ஐம்பது துணை நடிகர்களின் கண்களை ஒருவருடைய நினைவாற்றலிடம் அடகு வைப்பது. வரிசையில் நிற்பவர்களுக்கு இன்னொரு துன்பமும் உண்டு. சக்கிமுக்கித் துப்பாக்கியில் தீ பற்றும் துளை வலப்பக்கம் இருக்கிறது. விசையை இழுத்தால் அதன் வழியே பீறிடும் தீ, வலப்பக்கத்தில் நிற்பவனின் கன்னத்தை நோக்கிப் போகும். கதாநாயகனின் வலப்பக்கம் நிற்பவன் நாள்கூலிக்கு வந்தவனாகவே இருப்பான்.

சட்டம் இதில் நம் பக்கம்தான் இருக்கிறது, எவரும் படிப்பதில்லை என்பதைத் தவிர. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 45ஆம் பிரிவு, வழக்கொழிந்த அல்லது தொன்மை மதிப்புள்ள அல்லது பழுதுற்ற ஆயுதங்களுக்கு விலக்களிக்கிறது. "பழைய துப்பாக்கிக்கு உரிமம் வேண்டாம்" என்று அதைச் சுருக்கிச் சொல்வோர் உண்டு. பிரிவு அப்படிச் சொல்லவில்லை. பழுது பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் துப்பாக்கியாகப் பயன்பட இயலாதது என்பதே விதி. எனவே, தாத்தாவின் மஸ்கெட்டு மருந்தை மட்டும் வெடிக்கவல்லது என்று நீங்கள் நிறுவிய அக்கணமே அது குண்டையும் வெடிக்கவல்லது என்று நிறுவியவராகிறீர்கள். விலக்கு போய்விடும். கருமருந்து செய்வதும் வைத்திருப்பதும் 1884ஆம் ஆண்டு வெடிபொருள் சட்டத்தின் கீழ் தனிக்கதை. நம் மாவட்டத்தில் அரூர் வட்டத்துச் சித்தேரி மலையிலும் பென்னாகரத்துக் காட்டோரங்களிலும் உரிமமற்ற நாட்டுத் துப்பாக்கிகளை ஒப்படைக்கும்படி காவல்துறையும் வனத்துறையும் மலைமக்களிடம் கேட்டுவந்திருக்கின்றன. காட்டுப்பன்றியை விரட்ட வைத்திருந்தவன் குற்றவாளி, காட்சிக்காக வைத்திருந்தவன் கலைஞன் என்ற பிரிவினையை அம்மக்களிடம் எப்படி விளக்குவது என்று நமக்குத் தெரியவில்லை.

ஆயுதத்தை ஒப்படைக்கச் சொல்வது இம்மண்ணில் புதிதுமன்று. 1801 டிசம்பரில், பாளையக்காரர் எழுச்சி ஒடுக்கப்பட்டபின், சென்னை ஆளுநர் எட்வர்ட் கிளைவ் தென்னாட்டில் ஆயுதம் வைத்திருப்பதைத் தடைசெய்து அறிக்கை வெளியிட்டார். லிட்டன் காலத்து 1878ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் அதை நாடு முழுவதற்குமாக்கியது. சரித்திரப் படம் எடுப்பவர்கள் பழந்துப்பாக்கி எங்கும் கிடைக்கவில்லையே என்று அங்கலாய்க்கும்போது, கிடைக்காமற்போனதும் அவர்கள் சொல்ல வந்த சரித்திரத்தின் பகுதிதான் என்பதை நினைவூட்ட வேண்டியிருக்கிறது.

இனி அந்த நண்பர்களின் முதன்மை வாதத்துக்கு வருவோம். உண்மைத்தன்மை. மஸ்கெட்டின் உண்மை அதன் ஓசையில் இருக்கிறது என்று அவர்கள் கருதுகிறார்கள். அது காலத்தில் இருக்கிறது என்பது நம் கட்சி. கிழக்கிந்தியக் கம்பெனிச் சிப்பாய்களின் கையில் இருந்த 'பிரவுன் பெஸ்', முக்கால் அங்குலக் குழல்வாயும் ஏறத்தாழ நாலரைக் கிலோ எடையும் கொண்டது. (கம்பெனி தன் படைக்காகச் செய்வித்த குட்டையான வடிவத்தையே, பிரான்சுடன் போர் மூண்ட பிறகு, பிரிட்டிஷ் அரசு தன் படைக்கும் ஏற்றுக்கொண்டது. அதன் பெயரே 'இந்தியா பாணி'.) நன்கு பழகிய சிப்பாய் நிமிடத்துக்கு மூன்று முறை சுடுவான். ஒரு வேட்டுக்கும் அடுத்த வேட்டுக்கும் இடையே இருபது நொடி. அந்த இருபது நொடியில் அவன் காகிதத் தோட்டாவைப் பல்லால் கடிக்கிறான், கிண்ணியில் சிறிது மருந்திடுகிறான், மிச்சத்தைக் குழலில் கொட்டுகிறான், கம்பியை உருவுகிறான், இடிக்கிறான், திருப்பிச் செருகுகிறான். வாயெல்லாம் கரி, நாவெல்லாம் வெடியுப்பு, தாகம். எதிரே வேலும் வாளுமாக ஓடிவருபவனுக்கும் அதே இருபது நொடிதான் வாழ்நாள். பாளையக்காரர் போர்களின் நாடகம் முழுவதும் அதற்குள் இருக்கிறது. இதைக் காட்டிய தமிழ்ப்படம் எது? 'வீரபாண்டிய கட்டபொம்மன்' (1959) காலத்திலிருந்து நம் திரையில் துப்பாக்கி என்பது வெள்ளைக்காரன் நீட்டியவுடன் வெடிக்கும் பொருள். மருந்து கெட்டிக்கும் அலுப்பு அதில் இல்லை.

வெடிக்காமற்போவதும் இல்லை. 1834இல் இங்கிலாந்தின் உல்விச்சில் நடந்த சோதனையில் சக்கிமுக்கித் துப்பாக்கி 6000 முறை சுடப்பட்டபோது 922 முறை பற்றவே இல்லை. ஏழில் ஒன்று. அதுவும் சோதனைக் களத்தில். மழைக்காலத்துக் காவிரிக் கரையில் கணக்கு இன்னும் மோசமாகவே இருந்திருக்கும். திரையில் ஒருமுறையேனும் விசையை இழுத்தபின் வெடிக்காத மஸ்கெட்டைக் கண்டதுண்டா? கதாநாயகன் உயிர்தப்பும் இடம் தவிர என்று சேர்த்துக்கொள்ள வேண்டும். வெடிக்காத துப்பாக்கியை எடுக்க எந்த மருந்தும் தேவையில்லை. உண்மைத்தன்மையை வேண்டி நிற்போர் இதை முதலில் கேட்டிருக்கலாம்.

இந்த மாவட்டமே அப்படிப்பட்ட போர்களின் நிலம் என்பதை மறந்துவிட்டோம். தருமபுரியும் கிருஷ்ணகிரியும் அடங்கிய பாராமகால், ஐதர் அலிக்கும் கம்பெனிக்கும் இடையே 1767 முதல் கைமாறிக் கைமாறிச் சிதைந்தது. 1791 இறுதியில் பென்னாகரம் கோட்டையை மாக்ஸ்வெல்லின் படை பிடித்தது. 1792ஆம் ஆண்டு சீரங்கப்பட்டண உடன்படிக்கையில் திப்பு இப்பகுதியைக் கம்பெனிக்கு விட்டுக்கொடுக்க நேர்ந்தது. பிறகு வந்த அலெக்சாண்டர் ரீடும், தருமபுரியில் தங்கியிருந்த இளம் தாமஸ் மன்றோவும் துப்பாக்கிக்குப் பதில் அளவுச்சங்கிலியைத் தூக்கினார்கள். நிலவரி அமைப்பின் வரலாறாக அதைப் பாடநூல்களில் படிக்கிறோம். அதற்கு முந்தைய இருபத்தைந்தாண்டுப் புகை பாடநூலில் இல்லை. திரையோ தென்பாளையங்களின் பக்கமே மீண்டும் மீண்டும் போகிறது.

வெளிநாடுகளில் இத்தகைய போர்களை நடித்துக்காட்டும் குழுக்கள் உண்டு. வார இறுதிகளில் பழஞ்சீருடை அணிந்து பழைய களங்களில் கூடி வெற்று மருந்தைச் சுட்டுப் பழகும் கணக்கரும் ஆசிரியரும் அவற்றில் இருக்கிறார்கள். வேடிக்கை என்று ஒதுக்கிவிட முடியாதபடி அவர்களிடம் ஒழுங்கு இருக்கிறது. பல குழுக்களில் களத்தில் கம்பியை உருவவே கூடாது. காகிதத்தைக் குழலுக்குள் திணிக்கக் கூடாது. எதிர் அணியின் தலைக்கு மேலேதான் குறிவைக்க வேண்டும். தீத்துளைக்குப் பித்தளைத் தடுப்பு வேண்டும். ஆட்டம் தொடங்குமுன் ஒவ்வொரு குழலும் சோதிக்கப்படும். இவ்வளவும் செய்தபின் அது எவ்வளவு உண்மை என்று கேட்டால், கம்பி உருவாத மஸ்கெட்டுப் போர் பாதி பொய். தம் கண்ணைக் காக்க அந்தப் பொய்யை அவர்கள் ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள்.

இதில் நமக்கு உறைப்பான செய்தி ஒன்றுண்டு. அக்குழுவினர் கையில் இருக்கும் மஸ்கெட்டுகளில் கணிசமானவை இந்தியப் பட்டறைகளில் செய்யப்பட்டவை. தீத்துளை இடாமல், காட்சிப்பொருள் என்ற பெயரில் கப்பலேறுகின்றன. போய்ச்சேர்ந்த இடத்தில் துளையிட்டுக்கொள்கிறார்கள். அவற்றின் குழல் தாங்குமா தாங்காதா என்பது அவர்களிடையே ஓயாத சண்டை. நம் கொல்லர் செய்த பிரவுன் பெஸ், யார்க்டவுன் போரையும் வாட்டர்லூ போரையும் நடித்துக்காட்டப் போகிறது. பென்னாகரத்துக்கு வரவில்லை. துளையிடாத அந்த நிலையிலேயே அது இங்கே வந்திருந்தால் நம் தேவைக்குச் சரியாக இருந்திருக்கும்.

இந்தியாவிலேயே வெற்று வேட்டு மரபாக வாழும் இடங்கள் உள்ளனவே என்பார்கள். உண்டு. குடகில் கொடவர்கள் கைல்போள்து விழாவில் துப்பாக்கிக்குப் பூச்சூட்டி வணங்குகிறார்கள், புத்தரி அறுவடையில் வானத்தை நோக்கிச் சுடுகிறார்கள். உதயப்பூருக்கு அருகே மேனார் ஊரில் ஹோலிக்குப் பிந்தைய இரவொன்றில் மொகலாயக் காவற்படையை வென்ற நினைவாகப் பழந்துப்பாக்கிகள் முழங்குகின்றன. மைசூர் தசராவில் பீரங்கிகள் 21 முறை அதிர்கின்றன. இவை எல்லாவற்றிலும் குழல் வானத்தையோ வெட்டவெளியையோ நோக்கியிருக்கிறது. ஒரு மனிதனின் முகத்தை நோக்கி நீட்டிச் சுடுவது திரைக்கு மட்டுமே உரிய தேவை. மேலும், மைசூரில் தசரா யானைகளையும் குதிரைகளையும் விழாவுக்கு முன்பே பீரங்கி ஒலிக்குப் பழக்குகிறார்கள். ஒகேனக்கல் காட்டு யானைகளை எவர் பழக்குவது? 2022இல் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் காடுகளில் 686 சதுர கிலோமீட்டர் பரப்பைக் காவிரி தெற்கு வன உயிரினச் சரணாலயமாக அரசு அறிவித்தது. சரணாலயத்துள் ஆயுதத்தோடு நுழையவே தலைமை வன உயிரினக் காப்பாளரின் எழுத்து அனுமதி வேண்டும் என்கிறது 1972ஆம் ஆண்டுச் சட்டம். 2023 ஏப்ரலில் தென்காசி மாவட்டத்தில், களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்தை ஒட்டிய பகுதியில் 'கேப்டன் மில்லர்' படப்பிடிப்பை, உரிய அனுமதி இல்லையென்று மாவட்ட ஆட்சியர் நிறுத்திய செய்தி பலருக்கும் நினைவிருக்கும். அதைக் கலைக்கு எதிரான கெடுபிடி என்று எழுதியவர்களும் உண்டு. நமக்கு அப்படித் தோன்றவில்லை.

யானைக்கு உள்ளது மனிதருக்கும் உண்டு. முன்னே சொல்லாமல் விட்டதை இங்கே சொல்ல வேண்டும். 1980ஐ ஒட்டிய நக்சல்பாரி ஒழிப்பு நடவடிக்கைகள், 1992 ஜூன் 20இல் வாச்சாத்தி, 2004 அக்டோபர் 18 இரவு பாப்பாரப்பட்டியை அடுத்த பாடியில் வீரப்பன் சுட்டுக்கொல்லப்பட்டது என்று இந்த மாவட்டத்தின் அண்மை வரலாற்றில் சீருடையும் துப்பாக்கியும் ஊருக்குள் வந்த நாள்கள் தனி அத்தியாயமாகின்றன. வாச்சாத்தியில் 18 பெண்கள் வல்லுறவுக்கு ஆளானார்கள். வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையைச் சேர்ந்த 269 பேர் குற்றம்சாட்டப்பட்டு, தீர்ப்பு நாளன்று உயிரோடிருந்த 215 பேரும் 2011 செப்டம்பர் 29 அன்று தண்டிக்கப்பட்டார்கள். சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்ய 2023 செப்டம்பர் 29 வரை ஆயிற்று. முப்பத்தொரு ஆண்டுகள். அன்று சிறுமியாக இருந்தவர் இன்று பேரப்பிள்ளை எடுத்திருப்பார். அவர் வீட்டுக்கு ஒரு கல் தொலைவில் காக்கிச் சட்டைகளையும் துப்பாக்கிகளையும் இறக்கி, "இது வெறும் மருந்துதான் அம்மா" என்று சொல்வதை நினைத்துப் பாருங்கள். அந்த ஓசைக்குள் குண்டு இருந்ததா என்று காது ஆராய்ந்துகொண்டிருக்காது. தொலைக்காட்சித் தொடர், தமிழ், கன்னட, இந்திப் படங்கள், இணையத் தொடர்கள் என்று வீரப்பன் கதை எத்தனை முறை சுடப்பட்டுவிட்டது. வேட்டு ஒவ்வொரு முறையும் உரக்கவே கேட்டது. சுற்றியிருந்த ஊர்கள் அதே அளவுக்குக் கேட்டனவா?

இங்கே தகடூரின் பழைய கதையொன்று நினைவுக்கு வருகிறது, இலக்கிய வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை எனினும். அதியமானுக்காகத் தூது சென்ற ஔவை, தொண்டைமானின் ஆயுதசாலையைக் கண்டு பாடிய புறநானூற்றுப் பாடல் (95) அது. இங்குள்ளவை பீலி அணிந்து, மாலை சூடி, நெய் பூசிக் காவலுக்குள் அழகாக இருக்கின்றன, எங்கள் மன்னனுடையவையோ பகைவரைக் குத்தி நுனி முரிந்து கொல்லன் உலைக்களத்தில் கிடக்கின்றன என்பது அதன் செய்தி. புகழ்வது போல் பழிப்பதற்கு இலக்கணம் சொல்வோர் முதலில் எடுத்துக்காட்டும் பாட்டு. தகடூர் மண்ணில் வாழ்ந்துகொண்டு இதைச் சொல்வது துரோகம்தான், ஆயினும் சொல்கிறோம்: படப்பிடிப்பு ஆயுத விஷயத்தில் நாம் தொண்டைமான் கட்சி. பழந்துப்பாக்கிகள் நெய் பூசி, பீலி அணிந்து, அருங்காட்சியகக் கண்ணாடிக்குள் அழகாக இருக்கட்டும். கருமருந்தின் கசடு ஈரத்தை இழுத்து இரும்பைத் தின்னும். ஒரு நாள் படப்பிடிப்புக்காக இருநூறாண்டுக் குழலைக் கெடுப்பதற்கு எந்தக் கலையின் பேராலும் அனுமதி இல்லை. புகையற்ற நவீன மருந்தை அறியாமல் இட்டுவிட்டால் குழலே வெடிக்கும். அப்போது உடைவது தொன்மை மட்டுமன்று.

அப்படியானால் புகையும் ஓசையும் எங்கிருந்து வரும்? நம் கோயில் திருவிழாக்களிலிருந்தே வரலாம். அதிர்வேட்டு என்ற ஒன்று நம்மிடம் உண்டு. தரையில் நிறுத்திய இரும்புக் குழலில் கருமருந்திட்டு, செங்கல் தூளால் இறுக்கித் திரியில் தீ வைப்பது. தேரோட்டத்தன்று ஊர் எல்லை வரை கேட்கும். அதைச் செய்ய உரிமம் பெற்ற, மருந்தின் குணம் அறிந்த குடும்பங்கள் உள்ளன. சட்டகத்துக்கு வெளியே, ஆள்களிடமிருந்து விலகி, அவர்கள் கையால் அது வெடிக்கட்டும். நடிகன் தோளும் இமையும் தாமே அதிரும். நம் நண்பர்கள் கேட்ட உண்மை அதுதானே. அவன் கையில் இருப்பது குழல் அடைக்கப்பட்ட, துளையிடாத, கொல்லர் செய்த படி. எடை இருக்கும், கம்பி உருவும், விசை அடிக்கும், சக்கிமுக்கிக் கல் பொறி பறக்கும், வெடிக்காது. குழல்முனைத் தீயைக் கணினி வரைந்துகொள்ளட்டும். ஒரு நொடிக்கும் குறைவான அந்தத் தீ பொய்யாக இருப்பதால் படம் கெட்டுவிடாது. அதற்கு முந்தைய இருபது நொடி பொய்யாக இருப்பதால்தான் இதுவரை கெட்டது.

அந்த இருபது நொடியைப் பழக்கிவிடுவதற்கு ஒருவர் வேண்டும். அவர் பெயர் படத்தின் பட்டியலில் வர வேண்டும். தளத்தில் எந்தத் துணை நடிகரும் தன் கையில் தரப்பட்ட குழலுக்குள் கம்பியை விட்டுக் காட்டச் சொல்லலாம், கேட்டதற்காக அன்றைய கூலி போகாது என்பது அவருடைய ஒப்பந்தத்தில் எழுதப்பட வேண்டும். படப்பிடிப்புக்கு முந்தைய மாலை, சுற்றியுள்ள ஊர்களில் எத்தனை மணிக்கு எத்தனை வேட்டு என்று எண்ணிக்கையோடு தண்டோரா போட வேண்டும். சொன்ன எண்ணிக்கைக்கு மேல் ஒன்றுகூட வெடிக்கக் கூடாது. இயக்குநர் இன்னொரு முறை எடுக்கலாம் என்று சொன்னாலும்.